விடு என்று எழுதிய பலகை

அந்த வண்டிக்குத் தும்மல் என்று பேர் வைத்தவன் தம்பிதான். சும்மா வைக்கவில்லை. ஆக்சிலேட்டரை அழுத்திக்கொண்டு போகிறவரைக்கும் அது பாட்டுக்குப் படபடவென்று போகும். காலைக் கொஞ்சம் தூக்கினால் போதும், சைலன்சருக்குள்ளிருந்து 'ஹச்' என்று ஒரு சத்தம் வரும். சளி பிடித்த பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு தும்முகிற மாதிரி. சைலன்சரை மாற்றிப் பார்த்தாயிற்று, கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவிப் பார்த்தாயிற்று. தும்மல் நிற்கவில்லை. "அதோட சுபாவம் அதுதான்க்கா, விடு" என்று சொல்லிவிட்டான் தம்பி.

அக்காவுக்கு அது ஒருவகையில் வசதியாகவே போயிற்று. பந்தயத் திடலின் மறுகோடியில் ஒரு பள்ளமும் அதையொட்டி ஒரு வளைவும் உண்டு. அங்கே வண்டி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் சுவரோரம் நிற்கிற அவளுக்குத் தும்மல் சத்தம் கேட்கும். தம்பி காலை எடுத்துவிட்டான் என்று தெரிந்துகொள்வாள். பயல் பத்திரமாக வருகிறான் என்று மனசு கொஞ்சம் ஆறும்.

வண்டி ரொம்பப் பழசு. குமாஸ்தாவும் கம்பவுண்டரும்கூட வாங்கட்டும் என்று ஒரு காலத்தில் மலிவாகச் செய்து விற்ற வண்டி. இரண்டே சிலிண்டர். ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் ஊற்றுகிற வேலை கிடையாது. முன்னால் ஒரு விசிறி சுற்றும். அந்தக் காற்றுதான் இன்ஜினின் சூட்டைத் தணிக்க வேண்டும். அதனால் இந்த ஜாதி வண்டிகளுக்கெல்லாம் காத்தாடி வண்டி என்றே பேர். வருஷத்தில் சில ஞாயிற்றுக்கிழமைகளில் இவற்றுக்கென்று ஒரு பந்தயம். பெரிய வண்டிக்காரர்கள் வேலியோரம் நின்று, "இறங்கித் தள்ளுனா இன்னும் சீக்கிரம் போகுமே!" என்பார்கள். காத்தாடிக்காரர்கள் அதற்கெல்லாம் கோபப்படுவதில்லை. சக்தி இல்லாத வண்டியில் ஒரு தடவை வேகத்தை விட்டால் திரும்பப் பிடிக்க அரைச் சுற்று ஆகும் என்பது ஓட்டுகிறவனுக்குத்தானே தெரியும்.

அக்காவுக்கு வேலை, சீருடை தைக்கிற ஒரு தொழிற்சாலையில் தையல் மெஷின் பழுது பார்ப்பது. புருஷன் வீட்டுக்குப் போய், போன வேகத்தில் திரும்பி வந்தவள். அதைப் பற்றி அந்த வீட்டில் பேச்சு எடுப்பதில்லை. தம்பி ஆஸ்பத்திரியின் சலவை வண்டி ஓட்டுகிறவன். அழுக்குப் படுக்கை விரிப்பை ஏற்றிக்கொண்டு போய், வெளுத்த விரிப்பை ஏற்றிக்கொண்டு வருவான். அதிலே என்ன வேகம் வேண்டிக்கிடக்கிறது? வாரம் முழுக்க மெல்லமாக ஓட்டியதற்கெல்லாம் சேர்த்து ஞாயிற்றுக்கிழமை ஓட்டலாம் என்றுதான் இந்த வண்டியை வாங்கினான். இன்ஜினை முதல் தடவை பிரித்தபோது அக்கா உள்ளே எட்டிப் பார்த்து, "அட, என் மெஷின் மாதிரிதான்டா இருக்கு. ஊசி மட்டும்தான் இல்ல" என்றாள். அன்றைக்கு அதன் பக்கத்தில் உட்கார்ந்தவள்தான். பந்தயக்காரர்களுக்கெல்லாம் அவள் மெஷின் அக்கா ஆகிவிட்டாள்.

அவளுக்கு ஒரே ஒரு சட்டம். "இன்ஜின் வீட்டுக்கு வரணும்." ஜெயிக்கிறாயோ தோற்கிறாயோ, போன இன்ஜின் முழுசாகத் திரும்பி வரவேண்டும். எண்ணெய்ச் சூடு காட்டுகிற முள்ளுக்கு எதிரே, தொழிற்சாலைப் பெண் ஒருத்தியிடம் நகப்பூச்சு வாங்கி, சிவப்பாக ஒரு கோடு போட்டு வைத்திருந்தாள். முள் அந்தக் கோட்டைத் தொட்டால் காலை எடுத்துவிட வேண்டும். தம்பி ஒரு தடவைகூட மீறியதில்லை. அதனால்தான் ஒரு தடவைகூட முதலாவதாக வந்ததும் இல்லை. அவன் வாங்கிய கோப்பைகள் எல்லாம் இரண்டாம் பரிசு, மூன்றாம் பரிசு. வீட்டு அலமாரியில் ஒன்றில் அக்கா ஊசி போட்டு வைத்திருப்பாள், ஒன்றில் பாபின், ஒன்றில் உடைந்த பித்தான்கள். "முதல் பரிசு வாங்கிட்டு வாடா, கத்தரிக்கோல் வைக்க இடம் இல்ல" என்று கேலி செய்வாள். அவனும் சிரிப்பான்.

இந்த இடத்தில் அவளுடைய பேச்சைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. அந்த வீட்டில் யாரும் யாரையும் பார்த்து 'போ' என்று சொல்ல மாட்டார்கள். அம்மா பழக்கியது. வாசல் தாண்டுகிறவரிடம் 'வா' என்றுதான் சொல்ல வேண்டும், போ என்றால் போயே போய்விடுவார்கள் என்று அம்மாவுக்கு ஒரு பயம். அம்மா போன பிறகும் அக்கா அதை விடவில்லை. பந்தயத்தில் ஓட்டுகிறவனோடு பேச வயர்லெஸ் எல்லாம் கிடையாது. ஒரு கரும்பலகையில் சாக்கட்டியால் எழுதிச் சுவருக்கு மேலே தூக்கிக் காட்டுவதுதான். மற்றவர்கள் 'போ', 'போடா' என்று எழுதுவார்கள். காத்தாடிக்காரரில் ஒருவரான ரொட்டிக்கடைக்காரருக்கு அவர் மச்சான் 'போய்யா' என்று எழுதிக் காட்டுவான். அக்கா அந்த எழுத்தைப் பலகையில் எழுதியதே கிடையாது. பெட்ரோல் போட 'வா'. சூடு ஏறினால் 'மெல்ல'. மிச்சச் சுற்றுக்கு எண். அவ்வளவுதான் அவள் பலகையின் பாஷை.

ஆனால் வீட்டில் அவள் வாயில் இன்னொரு சொல் இருந்தது. 'விடு.'

தம்பி சின்ன வயசில் டிரம்ஸ் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றான். "விடுடா, பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்க" என்றாள். கப்பலில் வேலை கிடைக்கும் போலிருக்கிறது என்றான். "விடுடா, நமக்குத் தண்ணி ஆகாது." பெரிய வண்டிக்காரர் ஒருவர், 'என் வண்டியை ஒரு தடவை ஓட்டிப் பாரேன்' என்று கூப்பிட்டார். "விடுடா, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?" அவள் அதட்டிச் சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னாள், அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்துக்கொண்டே சொன்னாள். அவனும் முகம் கோணாமல் விட்டுவிடுவான். அவள் பால் பாத்திரத்தைக் கருக விட்டாலோ தட்டை உடைத்தாலோ அவனும் அதே சொல்லைத்தான் சொல்வான், "விடுக்கா" என்று. ஒருத்திக்கு அது கடிவாளம், ஒருத்தனுக்கு அது மன்னிப்பு. சொல் ஒன்றுதான்.

அந்த வருஷம் தம்பிக்கு இடது கண் மங்க ஆரம்பித்தது. பந்தயக் கிளப்பின் டாக்டர் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, "சலவை வண்டி ஓட்டலாம். பந்தயம் இந்த சீசனோட சரி" என்றார். அப்படியாக அந்த ஞாயிற்றுக்கிழமைதான் கடைசிப் பந்தயம்.

காலையில் திடலின் கொட்டகைக்குள் அக்கா வால்வு இடைவெளி சரிபார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி, பந்தயத்துக்காகப் பக்கத்து சீட்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து, கதவில் ஒட்டியிருந்த எண்ணைத் துணியால் துடைத்தான். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தான்.

"என்னடா, எண்ணு அழிஞ்சுடப் போகுது."

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லன்னா ஒரு இடத்துல உக்காரு. தலை சுத்துது எனக்கு."

அவன் தகர டப்பாவைக் கவிழ்த்து உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து, வேறு யாரைப் பற்றியோ சொல்கிற மாதிரி சொன்னான்: "கப்பு கூட வேணாம்க்கா. பள்ளத்துலேர்ந்து ஏறி வரும்போது கடைசி நேர்ரோடு இருக்கு பாரு, அதை முன்னாடி யாருமே இல்லாம ஒரு தடவை பாத்திருக்கணும். எப்பவும் எவன் முதுகாவதுதான் தெரியுது. பாதி நாள் ரொட்டிக்கடைக்காரர் வண்டி நம்பர் பிளேட்டு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை. கையில் இருந்த ஸ்பேனர் நட்டில் உட்காராமல் நழுவியது. இத்தனை வருஷத்தில் அவன் எதையும் 'வேணும்' என்று சொல்லி அவள் கேட்டதில்லை. கேட்டதில்லையா, கேட்க விட்டதில்லையா? அந்தக் கேள்வியை அவள் அப்போது எண்ணெய்த் துணியோடு சேர்த்து ஒதுக்கி வைத்துவிட்டாள். வால்வு வேலை பாக்கியிருந்தது.

பந்தயம் வெயில் ஏறிய பிறகு தொடங்கியது. தார் பளபளத்தது. காத்தாடி வண்டிகளுக்கு வெயில் ஜென்ம விரோதி. அதற்கு ஒரு வைத்தியம் உண்டு: குளிர் காலத்தில் இன்ஜின் சூட்டை உள்ளே விடுகிற ஹீட்டர் கதவைத் திறந்து வைத்துவிட்டால், கொஞ்சம் சூடு ஓட்டுகிறவன் பக்கம் வந்துவிடும், இன்ஜினுக்கு அந்த அளவு நிம்மதி. ஓட்டுகிறவன் வேகவேண்டும், அதுதான் விலை. மற்றவர்கள் தாங்க முடியாதபோது திறப்பார்கள், மூடுவார்கள். தம்பி ஆரம்பத்திலேயே திறந்து வைத்து, லிவர் நழுவாமலிருக்கக் கம்பியால் கட்டியும் விடுவான். பந்தயம் முடிந்து இறங்கும்போது அவன் முழங்கால் சிவந்திருக்கும். அக்கா ஈரத் துணி வைத்துவிடுவாள்.

பாதிப் பந்தயம் போனபோது ரொட்டிக்கடைக்காரர் முன்னால், தம்பி அவர் பின்னால் என்று ஆகிவிட்டது. வழக்கமான ஊர்வலம்தான். மற்ற வண்டிகள் பின்தங்கிவிட்டன. தம்பி அவர் வண்டியின் முதுகில் ஒட்டிக்கொண்டே போனான். முன் வண்டி காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்போது பின் வண்டிக்கு இழுவை மிச்சம். ஆனால் காத்தாடி வண்டிக்கு அதிலும் ஒரு சங்கடம். முன்னால் போகிறவன் விட்ட சுடு காற்றைத்தானே மூக்கில் வாங்க வேண்டும்! இழுவை குறையும், சூடு ஏறும். எவ்வளவு நேரம் ஒட்டுவது, எப்போது வெளியே வந்து முந்துவது என்பதுதான் சாமர்த்தியம்.

முந்துவதற்கு நல்ல இடம் ஒன்றே ஒன்று. பள்ளத்து வளைவு. அதில் காலை எடுக்காமல் இறங்கினால் வெளிப்பக்கமாகச் சுற்றி மேலே ஏறும்போது முன்னால் போய்விடலாம். ஆனால் அந்த ஏற்றத்தில் சூடேறிய இன்ஜினை முழுசாக மிதிப்பது என்றால், அது அதன் கடைசி மிதியாகவும் ஆகிவிடலாம். அதனால் தம்பி ஒவ்வொரு சுற்றிலும் அங்கே காலை எடுப்பான். ஒவ்வொரு சுற்றிலும் அக்காவுக்கு அந்த 'ஹச்' கேட்கும்.

கடைசிக்கு முந்தின சுற்றைத் தொடங்கச் சுவரைக் கடந்தபோது தம்பி ஜன்னல் வழியாக ஒரு கையை வெளியே நீட்டினான். விரலைக் குவித்து இன்ஜின் பக்கம் காட்டினான். பிறகு உள்ளங்கையை விரித்தான். 'கோட்டைத் தொட்டுடுச்சு. என்ன செய்ய?'

பதில் சொல்ல அவளுக்கு ஒரு சுற்று நேரம் இருந்தது.

கை தன்னால் சாக்கட்டியை எடுத்து 'மெ' என்று எழுதிவிட்டது. எழுதிய கையைப் பார்த்தாள். காலையில் தகர டப்பாவின் மேல் உட்கார்ந்திருந்தவன் ஞாபகம் வந்தது. நரைத்த தலை, துடைத்த இடத்தையே துடைத்த துணி. இனி இந்த இன்ஜின் வீட்டுக்கு வந்து என்ன செய்யப் போகிறது? கொட்டகையில் போர்வை போர்த்திக்கொண்டு படுத்திருக்கப் போகிறது. அதை யாருக்காகக் காப்பாற்றுகிறோம்?

முந்தானையால் 'மெ'யை அழித்தாள். சுவரோரம் எல்லாரும் கத்திக்கொண்டிருந்தார்கள். "விடு, விடு! வண்டிய விடுய்யா!" என்று ஒரே கூச்சல். சக்கரம் வைத்த எதையும் வேகமாக ஓட்டச் சொல்ல வாயில் வருகிற சொல் அதுதானே. 'போ' என்று எழுத இப்போதும் அவள் கை வரவில்லை. கடைசி நாளில், மங்கின கண்ணோடு போகிறவனைப் பார்த்து, அந்தச் சொல்லையா? அதனால் காதில் விழுந்த சொல்லை எழுதினாள். பெரிதாக, பலகை நிறைய, சாக்கட்டி ஒடிகிற அளவுக்கு அழுத்தி.

விடு.

சுவரின் மேல் ஏறி நின்றாள். அவள் வயசுக்கு அது ஏறுகிற இடமா? ஏறினாள். பலகையைத் தலைக்கு மேலே தூக்கினாள். "விடுடா! தம்பி, விடுடா!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். படபடவென்று இரண்டு வண்டியும் ஒன்றின் பின் ஒன்றாகக் கடந்தன. தம்பியின் ஹெல்மெட் அவள் பக்கம் திரும்பியதைப் பார்த்தாள். தலை ஒரு தடவை அசைந்தது. 'சரி' என்கிற அசைவு. படித்துவிட்டான்!

அவள் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நேரம் அதிகம் இல்லை. பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். தூரத்து நேர்ரோடு. சத்தம் ஏறுகிறது. எப்போதும் இல்லாத ஏற்றம். ஓட்டுகிறான், என் தம்பி ஓட்டுகிறான். இதோ பள்ளம் வரப்போகிறது. இன்றைக்கு அங்கே தும்மல் கேட்கக் கூடாது. கேட்காது.

'ஹச்.'

சின்னச் சத்தம்தான். சளி பிடித்த பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு தும்முகிற மாதிரி.

ஏற்றத்தில் முதலில் வந்தது ரொட்டிக்கடைக்காரரின் வண்டி. பின்னாலேயே, ஆனால் எட்டாத தூரத்தில், தும்மல்.

கொட்டகைக்குள் தம்பி வண்டியை நிறுத்தி இறங்கினான். முழங்கால் சிவந்திருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றியபோது முகத்தில் வருத்தம் என்று ஒன்றும் பெரிதாக இல்லை. அக்கா அவனைப் பார்க்காமல் பானெட்டைத் திறந்தாள். இன்ஜின் படபடவென்று சீராக ஓடிக்கொண்டிருந்தது. தையல் மெஷின் மாதிரி. அணைத்தான். அது நின்ற நிற்பிலும் ஒரு குறை இல்லை. அவள் எண்ணெய்த் தொட்டியின் பக்கவாட்டில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். சுட்டது, ஆனால் பயந்த அளவுக்கு இல்லை. கடைசி ஏற்றத்தில் அவன் எவ்வளவு இதமாக அதை ஓட்டி வந்திருக்கிறான் என்று அந்தச் சூடு சொன்னது.

"நல்ல நேரத்துல சொன்னேக்கா" என்றான் தம்பி, தண்ணீர்க் குடுவையைத் திறந்துகொண்டே. "நான் மிதிக்கிறதாத்தான் இருந்தேன். இன்னிக்கு ஒரு நாளைக்கு அக்கா பேச்சை மீறிடலாமான்னுகூடத் தோணிடுச்சு. பலகையைப் பாத்ததும்தான் புத்தி வந்துச்சு. அப்பவும் நேர்ரோட்டுல கொஞ்சம் ஆசைக்கு மிதிச்சுப் பாத்தேன். பள்ளத்துல எடுத்துட்டேன். என்ன சத்தம் கேட்டுச்சு உனக்கு? வால்வா?"

அக்கா துடைத்த கையையே திரும்பத் துடைத்தாள்.

"ம்" என்றாள்.

"அதானே பாத்தேன். எனக்கு ஒண்ணுமே கேக்கல. உன் காது காதுதான்."

அந்த 'ம்' அவள் வாயை விட்டுப் போன நிமிஷமே அதைத் திரும்ப இழுத்துக்கொள்ள நினைத்தாள். அதற்குள் ரொட்டிக்கடைக்காரர் வந்துவிட்டார். கழுத்தில் மாலை மாதிரி துண்டு, முகமெல்லாம் வியர்வை, மீசையெல்லாம் சிரிப்பு.

"ஏன்யா, உனக்கு என்ன ஆச்சு?" என்று தம்பியின் முதுகில் ஒரு அடி வைத்தார். "தூங்கிட்டியா பள்ளத்துல? மெஷின் அக்கா சுவத்து மேல ஏறி நின்னு ஆடினது என் கண்ணாடியில தெரியுது. பலகையில 'விடு'ன்னு இவ்ளோ பெருசா! செத்தேன்டா இன்னிக்குன்னு நெனச்சேன். அக்காவே விடச் சொல்லிட்டாங்க, இனிமே இவனை யார் பிடிக்கிறதுன்னு என் இன்ஜின் ஏற்கெனவே அழுவுது. வெளிப்பக்கம் வருவே, வருவேன்னு பாக்கறேன், ஆளைக் காணோம்!"

தம்பி குடுவையை வாயருகே வைத்தபடி நின்றான்.

"விடு... மிதிக்கச் சொல்லியா?" என்றான்.

"பின்னே? பந்தயத்துல விடுன்னா வேற என்ன? வண்டியைக் கொண்டுபோய் விக்கச் சொல்லுவாங்களா?" ரொட்டிக்கடைக்காரர் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். யாரும் கூடச் சிரிக்காததைக் கண்டு இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நல்ல மனுஷன். "சரி, சரி, நாளைக்குக் கடைப்பக்கம் வா, சூடா பன் தரேன்" என்று சொல்லிக்கொண்டே நழுவினார்.

அடுத்து வந்தது கடிகார டீச்சர். பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுக்கிறவள். ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தயத்துக்கு நேரம் குறிப்பவள். தம்பி முதல் பந்தயம் ஓட்டிய நாளிலிருந்து அந்த மேஜையில் அவள்தான். அப்போது ஒற்றைப் பின்னல், இப்போது வெள்ளை முடி, கழுத்துக் கயிற்றில் கண்ணாடி. மருந்துக்கடைக்காரரைக் கட்டிக்கொண்டு பேரன் பேத்தி எடுத்துவிட்டாள்.

"அடுத்த வருஷம் வர மாட்டீங்களாமே" என்றாள்.

"வருவேன் டீச்சர். பலகை பிடிக்க ஆள் வேணுமில்ல?"

"கடைசிச் சுத்துல நீங்க ஓட்டினது இதுவரைக்கும் ஓட்டாத வேகம். இத்தனை வருஷத்துல உங்களுக்கு என் கடிகாரம் அப்படிக் காட்டினதே இல்ல." கையிலிருந்த ஸ்டாப்வாட்சைக் கட்டைவிரலால் தடவினாள். "பள்ளம் வரைக்கும்."

அவள் அக்காவைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனாள். அந்தத் தலையசைப்பில் ஒன்றும் இல்லை, வெறும் மரியாதைதான். ஆனாலும் அக்கா கீழே குனிந்து கருவிகளை எடுத்து வைக்க ஆரம்பித்தாள்.

வீட்டுக்கு அதே வண்டியில்தான் போக வேண்டும். தம்பி சுவரில் சாய்த்திருந்த சீட்டைத் தூக்கி வந்து உள்ளே வைத்து, வண்டிக்குள் தலைகீழாகப் படுத்துக்கொண்டு போல்ட்டை முடுக்கினான். வெளியே தெரிந்தது அவன் கால் மட்டும்தான். சிவந்த முழங்காலில் ஈரத் துணி வைக்க வேண்டும் என்று அக்காவுக்குத் தோன்றியது. துணி கையில்தான் இருந்தது. வைக்கவில்லை.

"தம்பி, நான் வால்வுன்னு சொன்னது..."

"தெரியும்க்கா."

ஸ்பேனர் திரும்புகிற கிறீச் சத்தம்.

"போன்னு எழுத எனக்கு மனசு வரலடா. உனக்குத்தான் தெரியுமே."

"தெரியும்க்கா. நான்தான் தப்பா படிச்சுட்டேன். பலகையைப் பாத்தா எழுத்து தெரியல, உன் குரல்தான் கேட்டுச்சு. 'விடுடா, நமக்கு எதுக்கு'ன்னு." இன்னும் ஒரு சுற்று முடுக்கினான். பிறகு ஸ்பேனர் நின்றது. "அக்கா, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"டீச்சரைப் பொண்ணு கேக்கலாமான்னு உங்கிட்ட சொன்னேனே, அப்போ. நீ விடுன்னு சொன்ன." உள்ளிருந்து வந்த குரலில் குற்றம் எதுவும் இல்லை. எந்தப் பக்கம் முடுக்குவது என்று கேட்கிற குரல் மாதிரிதான் இருந்தது. "அது எந்த விடு?"

அக்கா பானெட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பொய் சொல்லலாம். 'அதுவும் இதேதான்டா, போய்க் கேளுன்னுதான் சொன்னேன், நீதான் தப்பா எடுத்துக்கிட்ட' என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொன்னால் அவன் வாழ்க்கை ஒரு எழுத்துப் பிழையில் போயிற்று என்று ஆகும். உண்மையைச் சொன்னால் அவளால் போயிற்று என்று ஆகும். அன்று அவள் சமையலறையில் நின்றபடி, "படிச்சவங்கடா அவங்க, விடு" என்று சொன்னாள். படிப்பா காரணம்? டீச்சர் வந்துவிட்டால் இந்த வீட்டில் தனக்கு எந்த நாற்காலி என்கிற பயம். அதை அவள் தனக்கே இன்றுவரை சொல்லிக்கொண்டதில்லை.

"அது..." என்றாள். "அது விட்டுடச் சொன்னதுதான்டா. எனக்காகச் சொன்னேன். உனக்காக இல்ல."

உள்ளே ஸ்பேனர் திரும்பப் போல்ட்டில் உட்கார்ந்தது.

"சரிக்கா" என்றான்.

அவள் காத்திருந்தாள். எத்தனை தட்டு உடைத்திருப்பாள், எத்தனை தடவை பாலைக் கருக விட்டிருப்பாள். ஒவ்வொரு தடவையும் அடுத்த மூச்சில் வந்துவிடும், "விடுக்கா" என்று. இப்போதும் வரும் என்று ஈரத் துணியைப் பிடித்தபடி நின்றாள். கடைசி போல்ட் முடுக்கியாயிற்று. தம்பி வெளியே வந்தான், கையைத் துடைத்தான், சீட்டை ஆட்டிப் பார்த்தான். "உறுதியா இருக்கு, உக்காரு" என்றான். அந்தச் சொல் வரவில்லை. அவளும் கேட்டு வாங்கவில்லை. அதெல்லாம் கேட்டு வாங்குகிற பொருளா?

பலகையைப் பின்னால் வைத்தபோது எழுத்து அப்படியே இருந்தது. அழிக்கலாமா என்று ஒரு கணம் நினைத்து, அவளே அதைக் கவிழ்த்து வைத்தாள்.

திடலை விட்டு வெளியே வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பெரிய சாலையில் மற்றவர்கள் எல்லாம் முன்னமே போய்விட்டார்கள். இரண்டு பக்கமும் பூட்டின கிடங்குகள், ஒரு பெட்ரோல் பங்க், அதைத் தாண்டினால் வளைவு நெளிவு இல்லாமல் நீளமாக ஒரு சாலை. தம்பி வாரநாளில் சலவை வண்டி ஓட்டுகிற அதே வேகத்தில் ஓட்டினான். ஹீட்டர் லிவர் கம்பியை அவிழ்த்து மூடியிருந்தான். இன்ஜின் மெல்லிய பட்டுத் துணியில் தையல் போடுகிற மெஷின் மாதிரி ஓடியது. அதில் ஒரு குறை, ஒரு சிணுங்கல் கேட்காதா என்று அக்கா காதை வைத்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. முழுசாக, சௌக்கியமாக வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. அவள் ஆசைப்பட்ட மாதிரியே.

முன்கண்ணாடி நிறையச் சாலை தெரிந்தது. ஒரு வண்டி இல்லை, ஒரு ஆள் இல்லை.

அக்கா மடியில் இருந்த கையை எடுத்து டேஷ்போர்டின் விளிம்பில் வைத்தாள். பிறகு பிறந்ததிலிருந்து யாரிடமும் சொல்லாத அந்தச் சொல்லைச் சொன்னாள்.

"போ."

தம்பிக்குச் சரியாகக் காதில் விழவில்லை போலிருந்தது. "என்னக்கா?"

"போடா. மிதி. இன்ஜின் போனாப் போகட்டும். போ."

தம்பி திரும்பி அவளைப் பார்த்தான். மங்கின கண் இருக்கிற பக்கம் அவள் உட்கார்ந்திருந்ததால், தலையை முழுசாகத் திருப்பித்தான் பார்க்க வேண்டியிருந்தது. பிறகு எதிரே பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"முன்னாடிதான் யாருமே இல்லையேக்கா" என்றான்.

கால் அழுந்தவும் இல்லை, எழவும் இல்லை. வண்டி வீடு வரைக்கும் ஒரு தடவைகூடத் தும்மவில்லை.